டிரஸ்டியாக ஏன் வருகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டு நிறுவனங்களின் நிர்வாகக் குழுவுக்கு ஆள் தேடும்போது, கூப்பிடுகிறவர்களும் கூப்பிடப்படுகிறவர்களும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். உதாரணம் சொல்லும் இடத்தில் எந்த நாடு என்று குறிப்பிட்டிருக்கிறேன்.

டிரஸ்டின்னா என்ன வேலை? வாலண்டியர் மாதிரிதானே?

இல்லை. வாலண்டியர் ஒரு வேலையைச் செய்து கொடுக்கிறார். அந்த வேலை நடக்கலாமா, அதற்குப் பணம் இருக்கிறதா, செய்பவர் சரியாகச் செய்கிறாரா என்பதற்குப் பொறுப்பேற்பவர் டிரஸ்டி. சில இடங்களில் டிரஸ்டி (அறங்காவலர்) என்பார்கள், சங்கமாக இருந்தால் செயற்குழு உறுப்பினர், கம்பெனியாகப் பதிந்திருந்தால் இயக்குநர். எந்தப் பெயராக இருந்தாலும் பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தருவது, கணக்கைப் பார்ப்பது, தலைமை அலுவலரை நியமிப்பது, தேவைப்பட்டால் அவரை அனுப்பிவிடுவது, தொடங்கும்போது பத்திரத்தில் எழுதிய நோக்கத்தைவிட்டு நிறுவனம் வழிமாறாமல் பார்ப்பது எல்லாம் இவர்கள் தலையில்தான்.

ஊழியரே இல்லாத சின்ன அமைப்பில் டிரஸ்டியே நாற்காலியும் போடுவார், ரசீதும் எழுதுவார். அப்போது ஒரே ஆள் இரண்டு வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழப்பம் வருவது பெரும்பாலும் இங்கேதான்.

நிஜமாவே சம்பளம் கிடையாதா?

பெரும்பாலும் கிடையாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், நிறுவனத்தின் ஆவணமோ சட்டமோ வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய, டிரஸ்டி அந்தப் பதவிக்காகப் பணம் வாங்க முடியாது. இந்தியாவில் 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் பதிந்த நிறுவனம் தன் உறுப்பினர்களுக்கு லாபப் பங்கு தர முடியாது. பயணச் செலவு, தபால் செலவு போன்று கைக்காசு போட்டுச் செலவழித்ததைத் திரும்பப் பெறுவது வேறு. அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, ரசீது இருந்தால் போதும்.

இந்தக் கண்டிப்பின் வேர் பழையது. 1726-இல் லண்டனில் ஒரு வழக்கு: கீச் எதிர் சாண்ட்ஃபோர்ட். ஒரு சிறுவனுக்காகச் சந்தைக் குத்தகை ஒன்றை டிரஸ்டி பராமரித்து வந்தார். தவணை முடியும் முன் கேட்டபோது, சிறுவன் பெயரில் புதுப்பிக்க முடியாது என்று நிலத்துக்காரர் மறுத்துவிட்டார். சரி என்று டிரஸ்டி தன் பெயரில் எடுத்துக்கொண்டார். சிறுவனுக்கு எப்படியும் கிடைத்திருக்காது, யாருக்கும் நஷ்டமில்லை. இருந்தும் குத்தகையைச் சிறுவனுக்கே மாற்றிக் கொடுக்கும்படியும், அதில் வந்த லாபத்துக்குக் கணக்குக் காட்டும்படியும் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு தடவை இடம் கொடுத்தால் எல்லா டிரஸ்டியும் ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு வருவார் என்பதுதான் அங்கே கவலை.

பத்துப் பைசா வராத வேலைக்கு எதுக்குங்க வர்றாங்க?

இதற்குத்தான் இந்தப் பக்கமே. தன்னார்வத்தை ஆராயும் உளவியலாளர்கள் அதிகம் எடுத்தாளும் ஒரு பட்டியல் உண்டு. கிளாரி, ஸ்னைடர் முதலானோர் 1998-இல் வெளியிட்டது. ஆறு காரணங்கள் சொல்கிறார்கள்: தான் நம்பும் மதிப்புக்காக வருவது, கற்றுக்கொள்ள வருவது, தன்னைச் சுற்றியிருப்பவர்கள் செய்வதால் வருவது, தொழிலுக்கு உதவும் என்று வருவது, குற்ற உணர்வையோ சொந்தக் கவலையையோ தணித்துக்கொள்ள வருவது, தன்னைப் பற்றித் தனக்கே நல்ல எண்ணம் வளர வருவது. பெரும்பாலோர் இதில் இரண்டு மூன்றைச் சேர்த்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

பொதுவான தன்னார்வத்துக்கு எழுதிய அந்தப் பட்டியலோடு, டிரஸ்டி விஷயத்தில் நான் இன்னொன்றைச் சேர்ப்பேன். யாரோ நேரில் கேட்டார்கள், மறுக்க முடியவில்லை. 'ஏன் சேர்ந்தீர்கள்' என்று கேட்டால் முதலில் நோக்கம், சேவை என்று பேசுவார்கள். கொஞ்சம் பேசவிட்டால், 'அவர் ஃபோன் பண்ணிக் கேட்டார்' என்று வரும். இதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் கேட்டவருக்காக வந்தவர், கேட்டவர் விலகிய பிறகும் இருப்பாரா என்பது தனிக் கேள்வி.

பணி ஓய்வுக்குப் பிறகு வருகிறவர்கள் ஒரு தனி ரகம். வேலையில் முப்பது வருடம் முடிவு எடுத்துப் பழகியவருக்கு, ஒரு நாள் காலையிலிருந்து யாரும் எதையும் கேட்க மாட்டேன் என்கிறார்கள். போர்டு, அதாவது நிர்வாகக் குழு, அந்த இடத்தை நிரப்புகிறது. இவர்களில் அருமையான டிரஸ்டிகளும் உண்டு. பழைய ஆபீசை இங்கே மறுபடி திறந்துவிடுகிறவர்களும் உண்டு.

பேர் வாங்கத்தானே எல்லாரும் வர்றாங்க? சுயநலம்தானே?

ஓரளவு ஆமாம். கொடுப்பதில் ஒருவருக்குக் கிடைக்கும் மனநிறைவையும் கணக்கில் சேர்க்காவிட்டால் நன்கொடை நடத்தையை விளக்கவே முடியாது என்று பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி 1990-இல் எழுதினார். பிறருக்கு நன்மை நடக்க வேண்டும் என்பதும், அதை நான் செய்ய வேண்டும் என்பதும் கலந்தேதான் இருக்கும். கலப்படமே இல்லாத ஆள்தான் வேண்டும் என்றால் எந்தப் போர்டிலும் கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள்கூடச் சேராது.

காரணம் கலந்திருப்பது பிரச்சினையே இல்லை, ஒளிந்திருப்பதுதான் பிரச்சினை என்பது என் கட்சி. மரியாதைக்காக வந்தேன் என்று தெரிந்தே வந்தவருக்கு, விழா மேடையில் இடம் கிடைக்காத வருடம் கொஞ்சம் வருத்தம் இருக்கும், அவ்வளவுதான். சேவைக்காக மட்டுமே வந்தேன் என்று தன்னையே நம்பவைத்துக்கொண்டவர், அதே வருடம் திடீரென்று கொள்கைப் பிரச்சினை கிளப்புவார்.

வேலைக்கு, பயோடேட்டாவுக்கு உதவும்னு சேர்ந்தா தப்பா?

தப்பில்லை. நேர்காணலிலேயே சொல்லிவிடுங்கள். அலுவலகத்தில் ஒரு பிரிவின் செலவை மட்டும் பார்க்கும் இளம் கணக்காளருக்கு, ஒரு நிறுவனத்தின் முழு வரவு செலவையும் வைத்து முடிவெடுக்கும் வாய்ப்பு இருபத்தெட்டு வயதில் வேறெங்கும் கிடைக்காது. நிறுவனத்துக்கோ இலவசமாக ஒரு கணக்காளர். இரண்டு தரப்புக்கும் லாபம். இரண்டு வருடம் கழித்து அவர் கிளம்பினாலும் போட்ட கணக்கு முறை இருக்கும்.

நானே அந்த நோயில அடிபட்டவன். படிப்பும் இல்ல. போர்டுல உட்கார எனக்கு என்ன தகுதி?

அடிபட்டதுதான் தகுதி. மாற்றுத்திறனாளிகள் இயக்கம் உலகம் முழுவதும் முன்வைக்கும் கோரிக்கையே, எங்களை விட்டுவிட்டு எங்களைப் பற்றி முடிவெடுக்காதீர்கள் என்பதுதான்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய, குடிநோயிலிருந்து மீள்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. அமெரிக்கா, கனடாவுக்கான அதன் அறங்காவலர் குழுவில் 21 இடம். 14 பேர் குடிநோயிலிருந்து மீண்டவர்கள், 7 பேர் அந்த நோய் இல்லாதவர்கள். தொடக்க காலத்தில் நோய் இல்லாதவர்கள்தான் பெரும்பான்மை, பிறகு மாற்றினார்கள். அந்த 7 பேரை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்பதும் சுவையான விஷயம். மீண்டவர்கள் பெயரையும் முகத்தையும் வெளியில் காட்டுவதில்லை என்பது அமைப்பின் மரபு. ஊடகத்தின் முன் முகம் காட்டிப் பேச நோய் இல்லாதவர் தேவைப்படுகிறார். யார் எதற்கு என்று யோசித்து நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

உங்களுக்கு ஒரே எச்சரிக்கை. உங்கள் கதையை மேடையில் சொல்லவைக்க மட்டும் கூப்பிடுகிறார்களா என்று பாருங்கள். கணக்குத் தாள் உங்களுக்கும் முன்கூட்டியே வருகிறதா, புரியாததை விளக்க ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டுக்கும் 'இல்லை' என்றால் போர்டுக்கு உங்கள் படம்தான் தேவை.

எனக்கு ஆர்வம் இருக்கு, ஆனா யாரும் கூப்பிடலையே?

கூப்பிடும் வழக்கம்தான் இங்கே வினை. இங்கிலாந்து, வேல்ஸ் அறங்காவலர்களைப் பற்றி 2017-இல் வந்த பெரிய ஆய்வில், சுமார் பத்தில் ஏழு பேர் தெரிந்தவர் வழியாகத்தான் வந்திருந்தார்கள். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்ற கணக்கு, பெரும்பாலோர் வயதானவர்கள். தெரிந்தவரைத் தெரிந்தவர் கூப்பிட்டால் வேறு எப்படி இருக்கும்?

எனவே நீங்களே எழுதிக் கேளுங்கள். 'உங்கள் ஆண்டறிக்கையைப் படித்தேன், எனக்கு இன்னது தெரியும், போர்டில் இடம் இருந்தால் சொல்லுங்கள்' என்று நாலு வரி போதும். இப்படி எழுதுகிறவர்கள் அபூர்வம் என்பதால் படிக்காமல் விடமாட்டார்கள்.

மாசம் எவ்வளவு நேரம் ஆகும்?

மீட்டிங் நேரத்தை மட்டும் சொல்கிறவரை நம்பாதீர்கள். தாள்களைப் படிக்க அதே அளவு நேரம் வேண்டும். பொருளாளர் என்றால் ஆடிட் சமயத்தில் வீட்டில் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

மீட்டிங்ல கேள்வி கேட்டா, இவ்வளவு நல்ல மனுஷங்களைச் சந்தேகப்படறியான்னு பார்க்கறாங்க. என்ன பண்றது?

கேளுங்கள். இந்தப் பதவியில் கேட்பதுதான் வேலை.

ஒரு உதாரணம். மேசையில் ஒரு பக்கக் கணக்கு. கீழே வங்கி இருப்பு, கண்ணை நிறைக்கும் தொகை. எல்லோரும் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அடுத்த அஜெண்டாவுக்குப் போகப் பார்க்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர், 'இதில் நாம் இஷ்டப்படி செலவு செய்யக்கூடியது எவ்வளவு?' என்று கேட்கிறார். செயலாளர் ஃபைலைப் புரட்டுகிறார். பெரும்பகுதி ஒரு நன்கொடையாளர் வகுப்பறை கட்ட மட்டும் என்று எழுதிக் கொடுத்த பணம். அதை எடுத்து ஊழியர் சம்பளம் போட முடியாது. அதைக் கழித்தால் மிஞ்சுவது ஒன்றரை மாதச் சம்பளத்துக்குக் காணும். அறையில் இருந்த எல்லோரும் நல்லவர்கள், யாரும் ஒரு பைசா எடுக்கவில்லை. கேள்வி வந்திருக்காவிட்டால் இரண்டாவது மாதமே முழுச் சம்பளம் போட முடியாமல் போயிருக்கும்.

சந்தேகமாகத் தொனிக்காமல் கேட்க ஒரு வழி: ஆளைப் பார்த்துக் கேட்காமல் தாளைப் பார்த்துக் கேளுங்கள். 'ஏன் செலவழித்தீர்கள்' வேண்டாம். 'இதர செலவு போன வருடத்தைவிட ஏறியிருக்கிறதே, இதில் என்னென்ன அடங்கும்' போதும். பதில் மினிட்ஸில் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பில்) ஏறட்டும்.

ஏதாவது தப்பு நடந்தா என் வீட்டை ஜப்தி பண்ணிடுவாங்களா?

நிறுவனம் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. கம்பெனியாகப் பதிந்திருந்தால் கடன் பொதுவாக நிறுவனத்தோடு நிற்கும். வெறும் டிரஸ்ட் பத்திரத்தில் நடக்கும் அமைப்பில் டிரஸ்டிகளே தங்கள் பெயரில் ஒப்பந்தம் போடுவதால் தனிப்பட்ட பொறுப்பு கூடுதல். சேர்வதற்கு முன் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தர மறுத்தால் வந்த வழியே திரும்பிவிடலாம். அமெரிக்காவில் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, சாதாரணக் கவனக்குறைவால் வந்த தீங்குக்கு, சம்பளமில்லாத டிரஸ்டி உட்படத் தன்னார்வலர் மீது தனிப்பட்ட முறையில் வழக்குப் போடுவதைப் பெருமளவு தடுக்கிறது. வேண்டுமென்றே செய்த தவறுக்கும் படுமோசமான அலட்சியத்துக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

பயத்துக்கும் ஆறுதலுக்கும் ஒரே உதாரணம் லண்டனின் கிட்ஸ் கம்பெனி. குழந்தைகளுக்கான இந்தத் தொண்டு நிறுவனம் 2015 ஆகஸ்டில் மூடப்பட்டது. அதன் சம்பளமில்லாத டிரஸ்டிகள் இனி இயக்குநர் பதவி வகிக்கக் கூடாது என்று அரசுத் தரப்பு வழக்குப் போட்டது. 2021 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. இப்படிப்பட்ட நடவடிக்கைகள் திறமையானவர்களை டிரஸ்டி பதவிக்கு வரவிடாமல் விரட்டிவிடக் கூடாது என்றும் நீதிபதி கவலைப்பட்டார். ஜெயித்தார்கள், சரி. ஆனால் நடுவில் போன வருடங்களை யார் திருப்பித் தருவது? நேர்மையாக இருந்தால் காப்பாற்றப்படுவீர்கள். அலைச்சல் இருக்காது என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.

கொஞ்சம் மதிப்பூதியம் கொடுத்தா இன்னும் நல்ல ஆளுங்க வருவாங்களே?

'கொஞ்சம்' என்பதில்தான் சிக்கல். க்னீசி, ருஸ்டிசினி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2000-இல் வெளியிட்ட சோதனையில், இஸ்ரேலில் வீடு வீடாக நன்கொடை திரட்டப் போன பள்ளி மாணவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பணம் இல்லை, ஒன்றுக்குத் திரட்டியதில் 1 சதவீதம், இன்னொன்றுக்கு 10 சதவீதம். பணமே பெறாதவர்கள்தான் அதிகம் திரட்டினார்கள். 1 சதவீதக்காரர்கள் எல்லோரையும்விடக் குறைவு. சில்லறை கொடுத்ததும், செய்தது தொண்டு என்ற நினைப்பு போய்க் கூலி என்ற நினைப்பு வந்துவிடுகிறது. கூலி என்று பார்த்தால் இது மட்டமான கூலி.

மறுபக்கமும் உண்டு. தினக்கூலிக்காரர் ஒரு மதியம் மீட்டிங்குக்கு வந்தால் அன்றைய வருமானம் போச்சு. சம்பளம் இல்லை என்ற விதி, வசதியுள்ளவர்களை மட்டும் வடிகட்டி எடுக்கிறது. மேலே சொன்ன ஆண், முதியவர் கணக்குக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இதற்கு மருந்து ஊதியத்தைவிட, மீட்டிங்கை மாலையில் வைப்பது, பயணச் செலவைக் கேட்காமலே அன்றைக்கே கொடுப்பது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவை ஏற்பது.

பெரிய நன்கொடை தர்றவரை போர்டுல போடலாமா?

போடலாம். அமெரிக்காவில் போர்டு உறுப்பினர் ஒவ்வொருவரும் வருடா வருடம் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் நிறுவனங்கள் நிறைய. ஆனால் கொடுத்த பணத்துக்கு அவர் சொல்லும் கருத்து கூடுதல் எடை போடக் கூடாது. அவர் பேசும்போது மற்றவர்கள் குனிந்து தாளைப் பார்க்க ஆரம்பித்தால், அவரை நன்கொடையாளராகவே வைத்துக் கொண்டாடியிருக்கலாம்.

மச்சான் கடையில வாங்கினா விலை குறைவு. டிரஸ்டுக்கு லாபம்தானே, இதுல என்ன?

கீச் வழக்கிலும் இதே கேள்விதான்: யாருக்கு நஷ்டம்? விலை குறைவாகவே இருக்கட்டும். முதலில் உறவைச் சொல்லுங்கள், அதை மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள், அந்த விவாதம் முடியும்வரை வெளியே போய் நில்லுங்கள், மற்றவர்கள் வேறு இரண்டு கொட்டேஷன் வாங்கி ஒப்பிடட்டும். உங்கள் நாட்டுச் சட்டமோ உங்கள் பத்திரமோ இதையும் தடுக்கலாம், ஆடிட்டரைக் கேளுங்கள். இந்தியாவில் டிரஸ்டியோ அவர் உறவினரோ தகாத ஆதாயம் பெற்றால் நிறுவனத்தின் வரிவிலக்குக்கே ஆபத்து.

வாஷிங்டனில் சிப்லி மருத்துவமனை வழக்கு, 1974. டிரஸ்டிகள் சிலர் வங்கிகளிலும் பொறுப்பில் இருந்தார்கள். மருத்துவமனைப் பணத்தில் பெருந்தொகை அந்த வங்கிகளில், வட்டியே இல்லாத கணக்கிலும் வட்டி குறைந்த கணக்கிலும் கிடந்தது. சதி நடந்ததாக நீதிமன்றம் சொல்லவில்லை. விதிப்படி நிதிக் குழு, முதலீட்டுக் குழு இரண்டும் 1960-இல் அமைக்கப்பட்டிருந்தன. 1971 வரை இரண்டும் ஒரு தடவைகூடக் கூடவில்லை. நிர்வாகத்தை இரண்டு பேர் பார்த்துக்கொண்டார்கள், மற்றவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஏன் வந்தார்கள் என்று நீங்கள் கேட்டால், கௌரவமான ஒரு மருத்துவமனையின் டிரஸ்டி என்ற பெயரே போதுமானதாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

நிறுவனர் என் நண்பர், அவருக்காகச் சேர்ந்தேன். இப்ப அவர் செய்றது சரியில்ல. எதிர்த்துப் பேசினா நட்பு போயிடும்.

எல்லாவற்றிலும் கஷ்டமான கேள்வி இது. 'அவர் கேட்டார், வந்தேன்' என்று மேலே சொன்ன காரணத்துக்கு இப்போதுதான் பில் வருகிறது. உங்கள் விசுவாசம் பத்திரத்தில் எழுதிய நோக்கத்துக்கு; அழைத்த நபருக்கு அல்ல. சட்டம் எங்கே போனாலும் இதையே சொல்லும்.

நடைமுறையில், போர்டில் எல்லோர் முன்னாலும் முதல் தடவை எதிர்க்காதீர்கள். தனியாகப் போய்ச் சொல்லுங்கள்: 'அடுத்த மீட்டிங்கில் இதை எழுப்பப் போகிறேன், உன் பதிலோடு வா.' பலர் இதற்கு மசிவார்கள். மசியாவிட்டால் எழுப்புங்கள், உங்கள் மறுப்பைப் பெயரோடு பதியச் சொல்லுங்கள். நட்புக்காக வாயை மூடிக்கொண்டிருந்தால், விஷயம் வெடிக்கும்போது நிறுவனம், நட்பு இரண்டும் சேர்ந்தே போகும்.

ஆரம்பத்துல இருந்த ஆர்வம் இப்ப இல்ல. விலகினா கைவிட்ட மாதிரி ஆகாதா?

ஆகாது. வந்த காரணம் தீர்ந்துபோவது சகஜம். கற்றுக்கொள்ள வந்தவர் கற்றுவிட்டார். துக்கத்தை ஆற்ற வந்தவருக்கு ஆறிவிட்டது. புதுக் காரணம் முளைத்திருந்தால் இருங்கள், இல்லையென்றால் நாற்காலியை விடுங்கள். இங்கிலாந்தில் 2017-இல் வெளியான தொண்டு நிறுவன நிர்வாக நெறிமுறை, ஒருவர் ஒன்பது வருடத்துக்கு மேல் தொடர்ந்தால் ஏன் என்று ஆண்டறிக்கையில் விளக்கச் சொன்னது.

செய்ய வேண்டியது: விலகல் கடிதம் தேதியோடு எழுதிக் கொடுங்கள், அதை ஏற்ற தீர்மானத்தின் நகலை வாங்குங்கள். வங்கியில் கையெழுத்து அதிகாரம் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். பதிவு அலுவலகத்தில் உங்கள் பெயர் நீங்கியதா என்று சில வாரம் கழித்து நீங்களே சரிபாருங்கள். நிறைய பேர் விலகி வருடக்கணக்காகியும் காகிதத்தில் டிரஸ்டியாகவே இருக்கிறார்கள், நோட்டீஸ் வரும்போதுதான் தெரியவருகிறது.